கடைசியில் நிற்கும் சிறுசொல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவாக ஆற்றிய உரையின் செப்பனிட்ட வடிவம். மேடையில் சொன்ன சில கிளைக்கதைகளை நீக்கியிருக்கிறேன். கேள்வி நேரத்தில் எழுந்த இரண்டு ஐயங்களுக்கான பதிலை உரைக்குள்ளேயே சேர்த்துவிட்டேன்.)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர் பணிக்காலம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்தியவர் என்று அழைப்பிதழோடு வந்த குறிப்பில் படித்தேன். அதனால் மில்டனையும் எலியட்டையும் வீட்டில் விட்டுவிட்டு, அவர் கரும்பலகையில் அடிக்கடி எழுதியிருக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்கிறோமே, அது. அதிலும் மூன்று சொல் சேர்ந்து வருபவை: ‘புட் அப் வித்’, ‘லுக் ஃபார்வர்ட் டு’, ‘ரன் அவுட் ஆஃப்’, ‘கெட் ஆன் வித்’.

நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில், தமிழ்வழியில் படித்து வந்த ஒரு மாணவர் தேர்வுத்தாளில் ‘புட் அப் வித்’ என்பதற்கு ‘உடன் மேலே வைத்தல்’ என்று பொருள் எழுதியிருந்தார். சிரித்துக்கொண்டே சுழித்தேன். ஆசிரியர் அறையில் இன்னும் நாலு பேரிடம் காட்டியும் சிரித்தேன். ஆண்டுகள் போகப் போக அந்தச் சிரிப்பு எனக்கே உறுத்தத் தொடங்கியது. அவர் மூன்று சொல்லுக்கும் சரியான பொருளைத்தான் எழுதியிருந்தார். அகராதியைப் பார் என்று சொன்னது நான், அவர் பார்த்தார். பதிலுக்கு நான் அவருக்குக் கொடுத்தது என்ன? “‘டாலரேட்’ என்று பொருள், மனப்பாடம் செய்துகொள்.” அது விளக்கமே இல்லை. அவருக்கு அன்றே தந்திருக்க வேண்டிய விளக்கத்தை இன்று உங்களிடம் தருகிறேன்.

நான் சொல்லவந்தது சுருக்கமானது. மூன்று சொல் வினைகளில் வினைக்குப் பின்னால் இரண்டு சிறுசொற்கள் நிற்கின்றன. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். பார்க்கிற வேலை வேறு. நடுவில் நிற்பது வினையின் சொத்து. கடைசியில் நிற்பது அடுத்து வரும் பெயரின் சொத்து. அந்தக் கடைசிச் சொல் செய்கிற வேலையைத்தான் தமிழில் வேற்றுமை உருபு செய்கிறது. இந்த உரை முடியும்வரை அவற்றை நடுச்சொல், கடைச்சொல் என்று அழைக்கிறேன். இலக்கண நூல்கள் வைத்திருக்கும் பெயர்களைவிட இவை நாக்குக்கு எளிது.

1

முதலில் ஓர் ஆறுதல். இந்த வினைகளைக் கண்டு மிரண்டவர்களில் நாம் முதல் ஆள் இல்லை. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியை வெளியிட்டபோது, வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் வழக்கு ஆங்கிலத்தில் மற்ற மொழிகளைவிட மிகுதி என்றும், அயலார் திணறுவது இங்கேதான் என்றும் முன்னுரையிலேயே எழுதினார். அதனால்தான் இவற்றைத் தேடிப்பிடித்துத் தொகுத்ததாகவும் சொன்னார். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் பரவியது அதற்குப் பல தலைமுறை கழித்து, 1925-இல் வந்த லோகன் பியர்சல் ஸ்மித்தின் நூலால். அவரும் பெயர் தன்னுடையதல்ல, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொன்னது என்று நேர்மையாகக் குறித்தார். மூன்று சொல் வினைகளைத் தனி வகையாகப் பிரித்து விரிவாக எழுதியது 1985-இல் வந்த குவர்க் குழுவினரின் பேரிலக்கணம். நம் பள்ளிப் புத்தகங்கள் அந்தப் பிரிவினையை இன்றுவரை கண்டுகொள்ளவில்லை. ‘கிவ் அப்’, ‘லுக் ஆஃப்டர்’, ‘புட் அப் வித்’ மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு எதிரே பொருள் எழுதிவிடுகிறார்கள்.

2

நடுச்சொல்லும் கடைச்சொல்லும் வேறு என்பதற்கு என்ன ஆதாரம்? மூன்றைச் சொல்கிறேன்.

பெயரை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒருவன் வேகமாக நடக்கிறான், கூட வருபவனால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் ‘ஹி காண்ட் கீப் அப்’ என்றாலே போதும். யாருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று சொல்ல வேண்டுமானால்தான் ‘வித் மீ’ வருகிறது. ‘கேட்ச் அப்’, ‘கெட் அவே’, ‘கட் டவுன்’ எல்லாவற்றிலும் இதே கதை. பெயர் போனால் கடைச்சொல்லும் கூடவே போகிறது. நடுச்சொல் அசையாமல் நிற்கிறது. பெயர் இல்லாமல் உருபு தனியே நிற்காது என்பது நமக்கு ஆறாம் வகுப்பிலேயே தெரிந்த செய்தி.

‘ஐயா, புட் அப் வித் அப்படி இல்லையே’ என்று ஓர் ஆசிரியை எழுந்து கேட்டார். நல்ல கேள்வி. ‘வித்’ போய்விட்டால் மிஞ்சும் ‘புட் அப்’ படம் மாட்டுவது, கூடாரம் அடிப்பது என்று வேறெங்கோ போய்விடும். ஆனால் இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘புட் அப்’ என்றால் உள்ளே வைத்துக்கொள்வது. வாளை உறையில் இடுவதற்கும் அதே சொல்தான். அவமானத்தைத் திருப்பிக் கொடுக்காமல் மடியில் முடிந்துகொள்வதற்கும் அதுவே போதுமாயிருந்தது. 1604-இல் மேடையேறிய ‘ஒதெல்லோ’வில், ஏமாற்றப்பட்ட ரொடரிகோ இனிமேலும் பொறுக்கமாட்டேன் என்று இயாகோவிடம் குமுறும் இடத்தில் ‘புட் அப்’ மட்டுமே இருக்கிறது, ‘வித்’ இல்லை. ‘வித்’ பிற்காலத்தில் வந்து ஒட்டி, பிறகு பிரிக்க முடியாமல் உறைந்துவிட்டது. என் மாணவரின் ‘மேலே வைத்தல்’ வரலாற்றுக்கு நான் நினைத்த அளவு தூரத்தில் இல்லை.

இரண்டாவது ஆதாரம் காதுக்கு உரியது. ‘லுக் அப் டு’ என்று ஆங்கிலேயர் சொல்லும்போது ‘அப்’ ஓங்கி ஒலிக்கும், ‘டு’ அமுங்கிவிடும். நாம் மூன்று சொல்லையும் ஒரே எடையில், கடைக்காரர் சில்லறை எண்ணிப் போடுவதுபோல் சொல்கிறோம். வேறுபாடு நம் காதில் விழுவதில்லை. ஆங்கிலத்தின் வரலாறே இந்த அழுத்தத்துக்குச் சாட்சி. ‘ஆஃப்’ என்று நாம் எழுதும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் உண்டு: ‘எஃப்’ ஒன்று உள்ளது, ‘எஃப்’ இரண்டு உள்ளது. பழைய ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். அழுத்திச் சொன்ன இடங்களில் ஒலி வலுத்து இரண்டு ‘எஃப்’ வாங்கியது; அது நடுச்சொல் ஆனது, ‘டேக் ஆஃப்’ என்பதில் வருவதுபோல. அமுக்கிச் சொன்ன இடங்களில் மெலிந்து ஒற்றை ‘எஃப்’போடு நின்றது, அது கடைச்சொல் ஆனது, ‘ரன் அவுட் ஆஃப்’ என்பதில் வருவதுபோல. ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகளை உச்சரிப்பு இரண்டு வேலைக்கு அனுப்பிவிட்டது.

மூன்றாவது ஆதாரம் ஒரு நகைச்சுவை. வாக்கியத்தின் கடைசியில் ப்ரெபொசிஷன் வரக்கூடாது என்று ஒரு விதி உண்டு. 1672-இல் ஜான் டிரைடன் பென் ஜான்சனின் எழுத்தில் இதைக் குற்றமாகக் கண்டார். தன் எழுத்திலும் அதே குற்றம் இருப்பதை ஒப்புக்கொண்டு, 1668-இல் வெளியான நாடகக் கட்டுரையை 1684 பதிப்பில் திருத்தவும் செய்தார். இந்த விதியைக் கிண்டல் செய்யும் கதைதான் நீங்கள் கேட்டிருப்பது: யாரோ ஒரு எழுத்தர் சர்ச்சிலின் வாக்கியத்தைத் திருத்த, அவர் ஓரத்தில் ‘இதை நான் பொறுக்கமாட்டேன்’ என்பதை ‘அப் வித் விச்’ என்று சொற்களை முன்னால் தூக்கிப்போட்டு எழுதினாராம். சர்ச்சில் எழுதினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. 1942-இல் அச்சில் வந்த வடிவத்தில் அவர் பெயரே கிடையாது. கதை பொய்யானாலும் அதில் ஓர் இலக்கணப் பாடம் இருக்கிறது. ‘வித் விச்’ என்று கடைச்சொல்லை மட்டும் முன்னால் நகர்த்தியிருந்தால் வாக்கியம் விறைப்பாக இருக்குமே தவிர, சிரிப்பு வராது. ‘அப்’ வினையை விட்டுப் பிரிந்து வரமாட்டேன் என்று அடம்பிடிப்பதால்தான் சிரிப்பு வருகிறது.

3

கடைச்சொல் உருபு போன்றது என்றால் அதற்கு உருபின் பொருளும் இருக்க வேண்டும். இருக்கிறது, நம் இலக்கணம் படித்தவர்களுக்கு அது பழகிய பொருள்.

‘வித்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நமது ‘ஓடு’. ஒருவனோடு ஒத்துப்போவது ‘கெட் ஆன் வித்’. ஒருவனோடு மனத்தாங்கல் ஆவது ‘ஃபால் அவுட் வித்’. ஒத்துப்போவதற்கும் முறித்துக்கொள்வதற்கும் ஒரே சொல்லா என்று மாணவர்கள் கேட்பார்கள். பழைய ஆங்கிலத்தில் ‘வித்’ என்றால் ‘எதிராக’. ‘வித்ஸ்டாண்ட்’ என்பதில் அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. கூட இருத்தலுக்கு அன்று ‘மிட்’ என்று வேறொரு சொல் இருந்தது. அது செத்துப்போய், பேறுகாலத்தில் பெண்ணோடு கூட இருக்கும் மருத்துவச்சியின் பெயரான ‘மிட்வைஃப்’ என்பதில் மட்டும் ஒண்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலக்காரனுக்கு இதைச் சொன்னால் வியப்பான். நமக்கு என்ன வியப்பு? ‘அவனோடு சேர்ந்தேன்’, ‘அவனோடு சண்டை போட்டேன்’ இரண்டுக்கும் நாமும் ‘ஓடு’தானே வைத்திருக்கிறோம்.

இதே ‘வித்’ இன்னொரு இடத்தில் இன்னும் அழகாக உட்கார்ந்திருக்கிறது. ‘கெட் அவே வித்’. திருடன் நகையோடு ஓடிவிட்டான் என்பது நேர்ப்பொருள். குற்றம் செய்தும் தண்டனை இல்லாமல் தப்பினான் என்பது இன்றைய பரவலான பொருள். குற்றத்தையும் நகை மூட்டைபோல அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்று வைத்துக்கொண்டால் போதும், மறக்காது. கடைச்சொல்லை ‘ஃப்ரம்’ என்று மாற்றினால் ஓரிடத்திலிருந்து தப்பித்தல் ஆகிவிடும். நமது ஐந்தாம் வேற்றுமை, நீங்கல்.

‘ஆஃப்’ என்பதும் நீங்கலே. வீட்டில் பால் தீர்ந்துவிட்டது. பாலை எழுவாயாக வைத்து ‘த மில்க் ஹேஸ் ரன் அவுட்’ என்றால் கடைச்சொல்லே வேண்டாம். நம்மை எழுவாயாக வைத்தால் ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’. பால் நம்மை விட்டுப் போகவில்லை, நாம்தான் பாலை விட்டு ஓடிவந்துவிட்டோம் என்பதுபோல. விசித்திரமான பார்வைதான். ஆனால் உருபு சரியான இடத்தில் இருக்கிறது.

அடுத்து ஒரு சோடி. இதை நான் எல்லா வகுப்பிலும் சொல்வேன். ‘வாக் அவுட் ஆஃப்’ என்றால் ஓர் இடத்தைவிட்டு வெளியேறுவது. ‘வாக் அவுட் ஆன்’ என்றால் நம்மை நம்பியிருப்பவரை அம்போ என்று விட்டுவிட்டுப் போவது. வினை ஒன்று, நடுச்சொல் ஒன்று. கடைசி ஒற்றைச் சொல்லில் ஒருவன் காற்றுவாங்கப் போனானா, மனைவி மக்களைக் கைவிட்டானா என்பது முடிவாகிறது. ‘ஆன்’ என்பது ‘மேல்’. கேடு யார் மேல் விழுகிறதோ அவர் பெயருக்கு முன்னால் ஆங்கிலம் அதை வைக்கிறது. இளக்காரமாகப் பார்க்கும் ‘லுக் டவுன் ஆன்’ அப்படித்தான். பழியை அடுத்தவன் ‘மேல்’ போடும் நமக்கு இது புரியாமல் போகாது. எல்லா ‘ஆன்’னும் இப்படி என்று சொல்லமாட்டேன். சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளும் ‘கட் டவுன் ஆன்’னில் சர்க்கரைக்கு என்ன கேடு? தொல்காப்பியத்திலேயே வேற்றுமையியலுக்கு அடுத்து வேற்றுமை மயங்கியல் என்று தனி இயல் வைக்கவேண்டி வந்தது. உருபு இருக்கும் மொழியில் மயக்கமும் இருக்கும்.

‘ஸ்டாண்ட் அப் ஃபார்’, ‘ஸ்டாண்ட் அப் டு’ இரண்டையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். முன்னது ஒருவருக்காக நிற்பது, பின்னது ஒருவரை எதிர்த்து நிற்பது. கடைச்சொல்லை மாற்றி எழுதிவிட்டால் கட்சியே மாறிவிடும்.

4

‘டு’ என்ற சொல்லுக்கு மட்டும் தனியே ஒரு எண் கொடுத்திருக்கிறேன். நம் ஊரில் எழுதப்படும் விண்ணப்பங்களில் பாதி இந்தச் சொல்லில்தான் தடுக்கி விழுகின்றன.

உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன் என்பதற்கு ‘லுக் ஃபார்வர்ட் டு மீட்’ என்று எழுதுகிறோம். ‘மீட்டிங்’ என்று வரவேண்டும். ஏன் என்று கேட்டால் ‘லுக் ஃபார்வர்ட் டு வந்தால் ஐஎன்ஜி போடு’ என்பார் ஆசிரியர். விதி சரி, காரணம் எங்கே?

காரணம் தமிழில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு. ‘டு மீட்’ என்பதில் வருவது வினையின் முன்னொட்டு. நமது ‘சந்திக்க’ என்ற செய என் எச்சத்துக்குச் சமம். இன்னொரு ‘டு’ கடைச்சொல். நமது நான்காம் வேற்றுமைக் ‘கு’. ‘சந்திக்க’ என்பதோடு ‘கு’ சேருமா? ‘சந்திக்கக்கு’ என்று எந்தக் குழந்தையும் பேசாது. ‘கு’ சேரவேண்டுமானால் வினை முதலில் தொழிற்பெயராக வேண்டும்: ‘சந்திப்பதற்கு’. அந்தத் தொழிற்பெயர்தான் ஆங்கிலத்தின் ‘மீட்டிங்’. ‘லுக் ஃபார்வர்ட்’ முடிந்ததும் வரும் ‘டு’ கடைச்சொல் என்று ஒருமுறை புரிந்துவிட்டால் இந்தப் பிழை திரும்ப வராது. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு பொங்கல்’ என்று சொல்ல முடிகிறதா? முடிகிறது. அப்படியானால் அது ‘கு’. ‘கெட் டவுன் டு’, ‘ஓன் அப் டு’ எல்லாவற்றுக்கும் இதே சோதனை செல்லும்.

5

இனி நம்மவர் செய்த புதுமைகள். அலுவலகத்தில் கோப்பை ‘புட் அப்’ பண்ணுகிறோம். எந்த ஊரில் ‘புட் அப்’ ஆகியிருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறோம். கல்லூரியிலிருந்து ‘பாஸ் அவுட்’ ஆகிறோம். இலண்டனில் போய்ச் சொன்னால் மயங்கி விழுந்தீர்களா என்று கேட்பார்கள். படைப்பயிற்சி முடித்து வெளியேறுவோரைப் பற்றி மட்டுமே அவர்களும் அந்தச் சொல்லை நம் பொருளில் வைத்திருக்கிறார்கள். ‘டிஸ்கஸ் அபவுட்’ நம் ‘பற்றி’ போய் ஒட்டிக்கொண்டதால் வந்தது. ‘டிஸ்கஸ்’ இரண்டாம் வேற்றுமை கேட்கும் வினை. அதற்கு ஆங்கிலத்தில் உருபு கிடையாது.

ஆனால் ‘கோப் அப் வித்’ என்பதை நான் மதிக்கிறேன். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘கோப் வித்’ மட்டும்தான். இந்தியாவெங்கும் நடுவில் ஓர் ‘அப்’ நுழைந்துவிட்டது. எங்கிருந்து வந்தது? ‘கீப் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’, ‘புட் அப் வித்’ என்று வரிசையாகக் கேட்ட காது, ஈடுகொடுத்தலும் சகித்தலும் வரும் இடங்களில் ‘அப் வித்’ வரும் என்று தானாகவே ஒரு விதி செய்துகொண்டது. இதைச் சொல்பவர் பிழை செய்கிறார்தான், விடைத்தாளில் நானும் சுழிக்கிறேன்தான். ஆனால் மனப்பாடம் செய்கிறவருக்கு இந்தப் பிழை வராது. மொழியின் உள்ளமைப்பைக் காதால் பிடித்தவருக்குத்தான் வரும்.

6

அவைத்தலைவர் மணி பார்க்கிறார், சுருக்கமாக ஒன்று. 1930-இல் சி.கே. ஆக்டன் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்று 850 சொற்களில் ஓர் ஆங்கிலத்தைக் கட்டினார். உலகம் முழுவதும் எளிதாகக் கற்க வேண்டும் என்பது நோக்கம். 1943-இல் ஹார்வர்டில் பேசியபோது சர்ச்சில் அதைப் புகழ்ந்தார். அதில் வினைகள் பதினெட்டே: ‘புட்’, ‘கெட்’, ‘கோ’, ‘டேக்’ போன்றவை. ‘டாலரேட்’ இல்லை. தேவையில்லை என்றார் ஆக்டன். சிறுவினையோடு சிறுசொல் சேர்த்தால் எல்லாம் சொல்லிவிடலாம். சொற்பட்டியல் உண்மையிலேயே சுருங்கியது. ஆனால் ‘புட்’, ‘அப்’, ‘வித்’ மூன்றையும் தனித்தனியே அறிந்தவன் ‘புட் அப் வித்’ என்பதை எப்படி அறிவான்? அகராதியிலிருந்து வெளியேற்றிய சுமை கூட்டுவினையாக வாசல் வழியே திரும்ப வந்தது. இலத்தீன் வழிவந்த ‘டாலரேட்’ போன்ற சொல் வெளியாருக்கு எளிது, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். வீட்டுச் சொல்தான் விருந்தாளிக்குக் கடினம். நம்மிடம் மட்டும் என்ன? ‘போட்டுக்கொடுத்தான்’ என்பதைத் தமிழ் கற்கும் ஒரு ஜெர்மானியருக்கு அகராதி வைத்து விளக்கிப் பாருங்கள்.

இந்த அரங்கில் வினாத்தாள் தயாரிப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பம். ‘புட் அப் வித்’ என்பதன் பொருள் என்ன, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்பதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக ஒரு வாக்கியம் கொடுங்கள். வினையும் நடுச்சொல்லும் அச்சில் இருக்கட்டும். கணவன் மனைவியை விட்டுப் போனானா, திரையரங்கை விட்டுப் போனானா என்பது வாக்கியத்திலேயே தெரியட்டும். கடைசிச் சொல்லின் இடத்தை மட்டும் காலியாக விடுங்கள். அந்த இடத்தில் ‘ஆன்’ போடுவதா ‘ஆஃப்’ போடுவதா என்று பிள்ளைகள் ஒரு நிமிடம் யோசிக்கட்டும். மதிப்பெண் அதே ஒன்றுதான்.